வாசகர் கேள்வி: சுமை இழுக்கும் பிக்கப்பில் கியர்பாக்ஸ் சூடு

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட பிக்கப் வண்டியில் டிரெய்லர் இழுக்கிறேன். சமதளத்தில் கியர்பாக்ஸ் ஆயிலின் வெப்பம் 90 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கிறது. நீண்ட ஏற்றங்களில், என்ஜினை வருத்தக் கூடாது என்று உயர் கியரிலேயே மெதுவாக ஏறுகிறேன். ஆனாலும் 118 வரை போய்விடுகிறது. என்ஜின் சூடு மட்டும் ஏறுவதில்லை. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூடுதல் கூலர் பொருத்தினால் சரியாகிவிடுமா?

பதில்: கூலர் உதவும். ஆனால் உங்கள் கேள்விக்குள்ளேயே காரணம் இருக்கிறது: என்ஜினை வருத்தாமல் இருக்க நீங்கள் செய்வதுதான் கியர்பாக்ஸை வருத்துகிறது.

என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிராக இருக்கின்றன. என்ஜினோடு சேர்ந்து சுழலும் விசிறி ஆயிலை வீசியடிக்க, அந்த வேகத்தில் மற்றது சுழல்கிறது. இரண்டின் வேகத்துக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ, அந்த அளவுக்கு என்ஜினின் சக்தி வீணாகி ஆயிலில் சூடாக இறங்குகிறது. இந்த நழுவலைத் தவிர்க்கத்தான், வண்டி ஓரளவு வேகம் பிடித்ததும் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. உயர் கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை அழுத்தியபடி ஏற்றத்தில் போகும்போது அந்தப் பூட்டு திறந்துகொள்கிறது. சூடு அங்கிருந்துதான் ஏறுகிறது.

ஆகவே ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே ஒரு கியரோ இரண்டு கியரோ கையால் இறக்கிவிடுங்கள். வண்டியில் டோ-ஹால் (சுமை இழுப்பதற்கான) பொத்தான் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளுங்கள். கியர் அடிக்கடி மேலும் கீழும் மாறுவதை அது குறைக்கும். பூட்டு விழுந்ததா என்பதை ஆர்.பி.எம். முள்ளே காட்டிவிடும்: கியர் மாறாமல், வேகமும் மாறாமல், முள் மட்டும் இருநூறு முந்நூறு சுற்று கீழே இறங்கி நிலைத்தால் கன்வெர்ட்டர் பூட்டிக்கொண்டது என்று பொருள். என்ஜின் 3,000 சுற்றில் இரைவது முதலில் அச்சமூட்டலாம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து காலை எடுத்து, கியரை ஏற்றி, கியர்பாக்ஸை வேகவைப்பவர்கள்தாம் அதிகம். உண்மையில் சுற்று கூடும்போது கியர்பாக்ஸின் ஆயில் பம்பும் வேகமாகச் சுழல்வதால், கூலருக்குப் போகும் ஆயில் குறைவதில்லை.

118 டிகிரி என்பது எப்போதோ சில நிமிடங்களுக்கு என்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு பயணத்திலும் என்றால் ஆயிலின் ஆயுள் குறையும். ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல் கூடும் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகிறது என்பது மெக்கானிக்குகள் நெடுநாளாகச் சொல்லிவரும் தோராயக் கணக்கு. இன்றைய சிந்தெட்டிக் ஆயில்கள் இதைவிடத் தாக்குப்பிடிக்கும். சூடு மேலும் ஏறினால் ரப்பர் சீல்கள் இறுகத் தொடங்கும். அதற்கும் மேலே போனால் கிளட்ச் தட்டுகள் நழுவும், அந்த நழுவலே புதிய சூட்டை உண்டாக்கும். இன்னொன்று: சில வண்டிகளில் சென்சார் ஆயில் தொட்டியில் இருக்கிறது, சிலவற்றில் கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வெளிவரும் இடத்தில் இருக்கிறது. பின்னதில் எண் சட்டென்று துள்ளும். எனவே நண்பரின் வண்டி காட்டும் எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

சூடு ஏறிவிட்டால் ஓரமாக நிறுத்துங்கள், என்ஜினை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, 1,000 முதல் 1,200 சுற்று வரை சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். பழைய கியர்பாக்ஸ்கள் சிலவற்றில் பார்க்கில் வைத்தால் கூலருக்கு ஆயில் போகாது. நியூட்ரலைச் சொல்வது அதனால்தான். கூலர் வாங்குவதற்கு முன், இப்போதிருக்கும் கூலரின் இதழ்களுக்கிடையே சேறும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: மேட்டில் டிரெய்லரை ரிவர்ஸில் ஏற்றும்போது இரண்டே நிமிடத்தில் சூடு ஏறுகிறதே?

பதில்: ஊர்ந்து போகும் வேகத்தில் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்ளாது, கூலருக்கு எதிர்க்காற்றும் கிடையாது. மண் தரையாக இருந்தால் நான்கு சக்கர லோ ரேஞ்சை (நான்கு சக்கரங்களையும் தாழ்ந்த கியர் விகிதத்தில் ஓட்டும் நிலையை) பயன்படுத்துங்கள். காய்ந்த தார்ச் சாலையில் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கை ஒடித்தால் அச்சுகள் முறுக்கிக்கொள்ளும்; அங்கே விட்டு விட்டு ஏற்றுவதே நல்லது.

கேள்வி: நீண்ட பயணத்துக்குப் பின் ஆயில் கறுத்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

பதில்: டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டுப் பாருங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் அவசரமில்லை. கருகிய வாடை வந்தாலோ, சொட்டு பரவிய பின் நடுவில் கரும்பொடி தங்கினாலோ, கிளட்ச் தட்டுகள் தேய்கின்றன. கியர்பாக்ஸைப் பரிசோதிக்காமல் அடுத்த சுமையை ஏற்றாதீர்கள். மாற்றும்போது, கையேடு சொல்லும் வெப்பநிலையில் அளவு பாருங்கள். கூடுதலாக ஊற்றிய ஆயில் நுரைத்துவிடும்; நுரைத்த ஆயில் சூட்டையும் சரியாக வெளியேற்றாது, கிளட்சையும் இறுக்கிப் பிடிக்காது.