பேஸ் கிட்டாருக்கு முதலில் எந்த மாடுலேஷன் பெடல் வாங்கலாம்: கோரஸா, ஃபேஸரா, ஃபிளாஞ்சரா?

மாடுலேஷன் பெடல் என்பது ஒலியைத் தொடர்ந்து அசைத்து மாற்றும் கால்பெட்டி. பேஸில் சாதாரண கிட்டார் கோரஸை மாட்டினால் ஓப்பன் ஈ ஸ்ட்ரிங்கின் கனம் வந்து வந்து போகிறது என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். பெடலில் பழுது எதுவும் இல்லை. கோரஸின் இயல்பே அதுதான். அது ஏன் என்று பிடிபட்டால், எதை வாங்குவது என்பதில் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கோரஸ் உங்கள் ஒலியின் நகல் ஒன்றைச் சில மில்லி செகண்டு தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தை மெல்லக் கூட்டியும் குறைத்தும் அசலோடு கலக்கிறது. ஓப்பன் ஈ 41.2 ஹெர்ட்ஸ், ஒரு முழு அலைக்குச் சுமார் 24 மில்லி செகண்டு. தாமதம் அதில் பாதியை, அதாவது 12-ஐத் தொடும்போது அசல் மேலே ஏற, நகல் கீழே இறங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஏ ஸ்ட்ரிங்குக்கு இந்த எண் 9.1, டி-க்கு 6.8, ஜி-க்கு 5.1. கோரஸின் தாமதம் ஏறக்குறைய இந்த வட்டாரத்தில்தான் உலாவுகிறது. மேல் சுரங்களில் இந்தப் பள்ளத்தை நொடிக்குள் கடந்துவிடுவதால் காதுக்கு அது மினுமினுப்பாகக் கேட்கிறது. தாழ்ந்த சுரத்தின் அலை நீளமானது, அதனால் பள்ளத்திலேயே வெகுநேரம் நிற்கிறது. பாட்டுக்கு அடியில் தரை இல்லாமல் போகிறது.

ஆகவே கோரஸ் வாங்கும்போது பிராண்டை விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது கிராஸ்ஓவர். கீழ் அதிர்வெண்களைத் தொடாமல் நேராக அனுப்பிவிட்டு, மேலே உள்ளதை மட்டும் அசைக்கும் வசதி அது. எம்எக்ஸ்ஆர் பேஸ் கோரஸ் டீலக்ஸில் இதற்கு ஒரு சுவிட்ச் உண்டு, பிரியும் இடம் 100 ஹெர்ட்ஸ். ஓப்பன் ஜி 98 ஹெர்ட்ஸ் என்பதால் நான்கு ஓப்பன் ஸ்ட்ரிங்குகளின் அடிச்சுரமும் (சுரத்தின் மிகத் தாழ்ந்த அதிர்வெண்) அதற்குக் கீழேதான் வரும், ஜி மட்டும் விளிம்பில் நிற்கும். எலெக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் பேஸ் குளோனில் கிராஸ்ஓவர் சுவிட்ச், பாஸ் (Boss) நிறுவனத்தின் சிஇபி-3-இல் லோ ஃபில்டர் நாப் என்று இதே வேலைக்கு வேறு வழிகள். பிளெண்ட் நாப் (அசலோடு நகல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதற்கானது) மட்டும் இருந்தால் அது அரைத் தீர்வு: நகலை அசலில் பாதி அளவுக்குக் குறைத்தாலும், மோசமான இடத்தில் இன்னும் 6 டெசிபல் இறங்கும்.

ஃபேஸர் நகலின் அலைக் கட்டத்தை (ஃபேஸ்) நகர்த்தி அசலோடு கலக்கிறது. அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 போன்ற நான்கு கட்ட ஃபேஸரில் இரண்டே பள்ளங்கள், அவையும் பெரும்பாலும் நடுப்பகுதியில்தான் நகரும். அடிச்சுரம் அசலோடு ஒத்தே கூடுகிறது. கிட்டார் ஃபேஸரையே பேஸுக்குத் தைரியமாகப் போடலாம். கீழ் ஸ்ட்ரிங்குகளில் குரூவ் வாசிப்பவர் என்றால் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன். ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட்டுகள் இல்லாத பேஸ்), மேல் ஃப்ரெட்டுகளில் மெலடி என்றால் கிராஸ்ஓவர் உள்ள கோரஸ். ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் பீட்டர் ஹுக் மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்ததால்தான் அவருடைய கோரஸ் அவ்வளவு அழகாக அமர்ந்தது.

ஃபிளாஞ்சர் (கோரஸை விடக் குறைந்த தாமதத்தில் நகலைக் கலப்பது) அவசரமில்லை. பாட்டில் ஓரிரு இடங்களில்தான் அது பொருந்தும். வாங்கினால் பாஸ் பிஎஃப்-3 மாதிரி பேஸுக்குத் தனி இன்புட் உள்ளதைப் பாருங்கள். டிரெமலோ ஒலி அளவை மட்டும் ஏற்றி இறக்குவதால் இந்த வம்பே கிடையாது. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 தட்டு) பாட்டில் எட்டாம் சுரங்களோடு (அரைத் தட்டுக்கு ஒன்று) துடிக்க ரேட், அதாவது அசைவின் வேகம், 4 ஹெர்ட்ஸ்.

கடையில் சோதிக்கும்போது வேகமாக வாசித்துப் பார்த்து ஏமாறாதீர்கள். ரேட்டை அடியோடு குறைத்து, டெப்த்தை (அசைவின் ஆழத்தை) முழுக்க ஏற்றி, ஓப்பன் ஈ-யை ஒரே அடியாக அடித்து எட்டு விநாடி ஒலிக்க விடுங்கள். வயிற்றில் அதிரும் பகுதி நிலையாக நிற்கிறதா? பெடலை ஆன் செய்யும்போது மொத்த ஒலி குறைகிறதா? இயர்போன் போதாது, பேஸ் ஆம்பில்தான் கேட்க வேண்டும். உங்கள் பேஸ் ஆக்டிவ் (உள்ளே பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் உள்ளது) என்றால் அதையே கொண்டுபோங்கள். 9 வோல்ட் அனலாக் பெடல்கள் சில, பலமான சிக்னலில் கரகரக்கும். அப்போது பேஸின் வால்யூமைச் சற்று இறக்கினால் சரியாகும்.

வரிசை: டியூனர், கம்ப்ரெஸர், ஓவர்டிரைவ், பிறகு மாடுலேஷன், கடைசியில் டிலே. ஓவர்டிரைவ் ஒவ்வொரு சுரத்திலும் மேல் ஹார்மோனிக்ஸை நிறையச் சேர்ப்பதால் அதற்குப் பின்னால் வரும் ஃபேஸரும் ஃபிளாஞ்சரும் ஆழமாகக் கேட்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை ஸ்டீரியோ அவுட்புட் பற்றி. சில கோரஸ்களில் இரண்டாவது அவுட்டில் நகல் தலைகீழாக வருகிறது. மிக்ஸரில் இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் எஃபெக்டே மறைந்துவிடும். மேடையில் ஒரே ஆம்ப் என்றால் மோனோ அவுட்டை மட்டும் எடுங்கள்.