சோயா துரு நோய்க்கு எந்தப் பூஞ்சாணக்கொல்லி வாங்கலாம்?

கேள்வி: பெலகாவி பக்கம் குத்தகை நிலத்தில் சோயா போட்டிருக்கிறோம். போன வருடம் துரு நோயில் இலையெல்லாம் கொட்டி, மணி சிறுத்துப்போனது. இந்த முறை எந்த மருந்து வாங்கினால் பயிரைக் காப்பாற்றலாம்?

ஹெக்சகோனசோல் 5 இ.சி. அல்லது புரோபிகோனசோல் 25 இ.சி. (இ.சி. என்றால் தண்ணீரில் கலந்து அடிக்கும் திரவ வடிவம்), லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகம் வெகுநாளாகச் சொல்லிவரும் பரிந்துரை இது. உங்கள் பக்கத்துக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் இதே மருந்தை அடித்தும் மகசூலை விட்டவர்களை வட கர்நாடகத்தில் வேலை பார்த்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மருந்தில் குறை இல்லை. அநேகமாக எல்லோருமே தாமதமாக அடித்தவர்கள்.

துருப் பூஞ்சாணத்தின் வித்து காற்றில் வந்து இலையில் விழுகிறது. இலை ஏறக்குறைய 6 மணி நேரம் ஈரமாக இருந்தால் போதும், முளைத்து உள்ளே போய்விடும். விட்டுவிட்டுத் தூறல், மூடிய வானம், 15 முதல் 28 டிகிரி வரை குளிர்ந்த வெப்பநிலை, இதெல்லாம் அதற்கு ரொம்பப் பிடிக்கும். உங்கள் ஊர் ஆகஸ்ட் மாதம் அப்படியே இதுதான். உள்ளே போன பூஞ்சாணம் கொப்புளமாக வெளியே தெரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆக, இன்று கண்ணில் படும் கொப்புளம் போன வாரமே நுழைந்துவிட்டது. நல்ல பச்சையாக நிற்கும் மேல் இலைகளுக்குள்ளும் நோய் இருக்கலாம். மேலே சொன்ன இரண்டு மருந்தும் இலைத் திசுவுக்குள் ஊடுருவும், நுழைந்து சில நாளே ஆன பூஞ்சாணத்தை நிறுத்தும். கொப்புளம் நிறைந்து மஞ்சளாகிவிட்ட இலையை எந்த மருந்தும் மீட்காது.

அதனால் பூ எடுக்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. செடியை விலக்கி, நிழலில் இருக்கும் அடி இலையைப் பறித்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். மண் நிறத்தில் ஊசிமுனை அளவு மேடுகள் இருந்தால் சந்தேகப்படுங்கள். பாக்டீரியாக் கொப்புளமும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும், அதற்குப் பூஞ்சாணக்கொல்லி அடித்துப் பயனில்லை. ஒரு சுலபமான வழி உண்டு: இலையை ஈரக் காகிதத்தோடு பாலிதீன் பையில் போட்டு ஒரு ராத்திரி வையுங்கள். துருவாக இருந்தால் மறுநாள் மேடு உடைந்து மாவு மாதிரி வித்து வெளியே வந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் வயலிலேயே ஓரளவு தெரிந்துவிடும். மருந்தை விட இந்த லென்ஸில் போடும் காசுதான் பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

முதல் கொப்புளம் கண்ணில் பட்டதும் முதல் தெளிப்பு, பதினைந்து நாள் கழித்து இரண்டாவது. கிருஷ்ணா ஆற்றுப் படுகையிலோ கோலாப்பூர், சாங்லி பக்கமோ துரு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டால், அதோடு தூறலும் இருந்தால், உங்கள் வயலில் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மணி முழுதாக நிரம்பிய பிறகு அடிப்பது பணத்துக்குக் கேடு.

அப்புறம், மருந்தை மாற்றி அடிப்பது பற்றி. இதில்தான் கடைக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முதல் முறை ஹெக்சகோனசோல், அடுத்தது புரோபிகோனசோல், அதற்கடுத்தது டெபுகோனசோல் என்றால் அது மாற்றம் ஆகாது. மூன்றும் டிரையசோல் என்ற ஒரே குடும்பம், பூஞ்சாணத்தை ஒரே இடத்தில்தான் தாக்குகின்றன. புட்டியின் முன்பக்கப் பெயரை விடுங்கள், உள்ளடக்கம் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு முறையாவது ஸ்ட்ரோபிலூரின் என்ற வேறு குடும்பத்து மருந்து கலந்த கூட்டு மருந்தாக, உதாரணமாக பைராக்ளோஸ்ட்ரோபினும் எபாக்சிகோனசோலும் சேர்ந்ததாக, சோயாவுக்குப் பதிவு பெற்றதா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். அதை முதல் தெளிப்பிலேயே அடித்துவிடுவது நல்லது, ஸ்ட்ரோபிலூரினின் பலம் நோய் நுழையும் முன் தடுப்பதில்தான்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பிரேசிலில் நடந்தது அப்படி. அங்கே 2001-ல் துரு நுழைந்தது. டெபுகோனசோல் போன்ற டிரையசோலைத் தனியாக அடித்து அடித்து, சில வருடங்களிலேயே அதன் பலன் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2013-14 பருவத்தில் ஸ்ட்ரோபிலூரினுக்கு ஈடுகொடுக்கும் பூஞ்சாணம் வந்தது, அதற்கடுத்து வந்த எஸ்.டி.எச்.ஐ. என்ற இன்னொரு குடும்பத்து மருந்தும் 2015-16-ல் தடுமாறியது. கடைசியில் பழைய மான்கோசெப்பையும் குளோரோதலோனிலையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். இவை இலை மேல் படிந்து பல இடங்களில் தாக்குபவை, பூஞ்சாணம் சுலபமாகத் தப்பிக்க முடியாது. உள்ளே ஊடுருவாது, மழையில் கழுவிப்போகும் என்பதால் இவற்றை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. அங்கே வருடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் வயலில் ஒரு சோயாச் செடிகூட நிற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது, பூஞ்சாணத்துக்கு உயிருள்ள இலை வேண்டுமே. நம் பக்கம் பாசனம் உள்ளவர்கள் கோடையிலும் சோயா போடுகிறார்கள். அது அடுத்த பருவத்துக்கு நோயைக் காப்பாற்றிக் கொடுக்கும் வேலை, நீங்கள் செய்யாதீர்கள்.

அளவைக் குறைக்காதீர்கள். கைத்தெளிப்பான் என்றால் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும், அடி இலை வரை நனையவேண்டும்.

விதையைக் கேட்டீர்களானால், நிறையப் பேர் இன்னும் போடும் ஜே.எஸ். 335 துருவுக்குச் சீக்கிரம் விழும் ரகம். தார்வாட் வெளியிட்ட டி.எஸ்.பி. 21 துருவைத் தாங்கி நிற்கும். அடுத்த வருடம் அதை ஜூனிலேயே, முதல் நல்ல மழையில் விதைத்துவிடுங்கள், பின்விதைப்பில்தான் துரு கடுமையாக வருகிறது. இந்த வருடம் ஜே.எஸ். 335 ஏற்கெனவே மண்ணில் இருந்தால், பூ எடுக்கும் முன்பே இரண்டு தெளிப்புக்கும் மருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துரு தெரியும் வாரத்தில்தான் கடையில் சரக்கு தீர்ந்துபோகும்.