நிரலாக்கத்தைத் தொடங்கும் மகளுக்கு: பிளஸ் ஒன் சேர்க்கை நேரத்தில் ஒரு தாய்க்கு எழுதும் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதி முடித்திருக்கும் உங்கள் மகளுக்குக் கணினித் துறையில் ஆர்வம் இருக்கிறது, ஆனால் பள்ளியில் கணினி அறிவியல் பிரிவில் இடம் கிடைக்குமா என்பது உறுதியில்லை, கிடைக்காவிட்டால் அந்தத் துறைக்கான வழியே அடைபட்டுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சத்தில், பெருந்தொகை கேட்கும் தனியார் கோடிங் வகுப்பு ஒன்றில் கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பிரிவுத் தேர்வு. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் டூவில் எடுக்கும் கணினி அறிவியல் மதிப்பெண் அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே உயிரியலும் கணிதமும் சேர்ந்த பிரிவில் படித்த மாணவியும், கணினி அறிவியல் படித்த மாணவியும் கணினிப் பொறியியல் இடத்துக்கு ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் நிலைமை இதுதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017, 2021 ஆண்டுப் பாடத்திட்டங்களில், எந்தப் பொறியியல் பிரிவில் சேர்ந்தவருக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான் என்னும் நிரலாக்க மொழிப் பாடம் வைக்கப்பட்டது. அது முன்பின் நிரல், அதாவது கணினிக்கான கட்டளைத் தொகுப்பு, எழுதாதவரை மனத்தில் வைத்து அடிப்படையிலிருந்து தொடங்கும் பாடம். பள்ளியில் கணினிப் பிரிவு கிடைத்தால் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கண்ணீர் விட வேண்டியதில்லை. கணிதத்தை மட்டும் கைவிடாமல் இருக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் அதை விட்டுவிட்டால் பிறகு திரும்பிவருவது கடினம். பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் போன்ற படிப்புகளுக்கு எந்தெந்தப் பாடம் தேவை என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், அந்த வாய்ப்பையும் மனத்தில் வைத்திருந்தால் ஓரிரு கல்லூரிகளின் விதிகளை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி கற்பது எப்படி என்பதற்கு வருகிறேன். நிரலாக்கம் என்றவுடன் பெற்றோர் பலரும் மொழியைத்தான் கேட்கிறார்கள்: சி நல்லதா, ஜாவா நல்லதா, பைத்தான் நல்லதா என்று. மொழி இரண்டாவது விஷயம். ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லப் பழகுவதே முதல் பயிற்சி. இதற்கு விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை. நமது மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் சி++ மொழி தொடங்குவதற்கு முன்பாகவே, நெறிமுறைகளை (ஒரு வேலையைச் செய்து முடிக்கும் படிவரிசைகளை) பற்றியும், சிக்கலைப் பகுத்துத் தீர்ப்பதைப் பற்றியும், மடக்கு (ஒரே படியைத் திரும்பத் திரும்பச் செய்தல்), தற்சுழற்சி (ஒரு செயல்முறை தன்னையே மீண்டும் அழைத்தல்) பற்றியும் பாடங்கள் இருக்கின்றன. தேர்வில் நேரடியாக மதிப்பெண் தரும் பகுதிகளுக்கு ஓடும் அவசரத்தில் பல மாணவர்கள் இவற்றை மேலோட்டமாகப் புரட்டிவிடுகிறார்கள். உங்கள் மகளிடம் இந்த விடுமுறையில் இவற்றை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மொழி என்று பார்த்தால், பைத்தானில் தொடங்குவது நல்லது. 1991-இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட இந்த மொழி இலவசமானது. பன்னிரண்டாம் வகுப்பு மாநிலப் பாடத்திட்டத்திலும் இதுவே இருக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு ஆங்கிலம் தடையாகுமே என்று வருந்தியிருந்தீர்கள். பைத்தானில் அந்த மொழிக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 35 மட்டுமே; தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்தில் வரும் என்பது உண்மைதான். ஆனால் திரும்பத் திரும்ப வருபவை ஏழெட்டு வகைகளே. செய்தியின் கடைசி வரியையும் அது குறிப்பிடும் வரி எண்ணையும் முதலில் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

உங்கள் மகள் எழுதிப் பார்க்க ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் உங்கள் வீட்டு மின்கட்டணத்தைக் கணக்கிடும் நிரலை அவரே எழுதட்டும். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு படிப்படியாக விகிதம் ஏறும். கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கணக்கு நிரலாக்கத்தின் அடிப்படைகள் பலவற்றைத் தொட்டுவிடும். முதல் நாளிலேயே ஒரு தடுமாற்றம் வரும்: விசைப்பலகையில் தட்டும் எண்ணைப் பைத்தான் எழுத்துத் தொடராகத்தான் பெற்றுக்கொள்ளும், ஆகவே இரண்டு முறை 5 என்று தட்டி அவற்றைக் கூட்டச் சொன்னால் 10 வராது, 55 என்று வரும். தரவு வகை என்றால் என்ன என்பதை எந்த வரையறையையும்விட அந்த 55 நன்றாகப் புரியவைக்கும். அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை, கீழ்ப்படியில் உள்ள சில யூனிட்டுகளின் விகிதமும் மாறிவிடுகிறது. 300 யூனிட்டுக்குச் சரியான விடை தரும் நிரல் 520 யூனிட்டுக்குத் தவறலாம். அதனால் 100, 101, 500, 501 என்று எல்லைகளில் நிற்கும் எண்களைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மென்பொருள் நிறுவனங்களில் சோதனைப் பிரிவில் இருப்பவர்கள் நாள்தோறும் செய்வதும் இத்தகைய எல்லைச் சோதனையே. வீட்டில் உள்ள பழைய ரசீதுகளோடு விடையை ஒப்பிடலாம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கலாம், அதற்குக் கணினி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ் என்ற சொல்லைக் கொடுத்து அதன் நீளம் என்ன என்று பைத்தானிடம் கேட்டால் 5 என்று விடை சொல்லும். த, மி, ழ் என்று நாம் எண்ணினால் மூன்றுதான். உலக மொழிகளின் எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் மகரம் ஒரு குறி, அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி இன்னொரு குறி. ழகரம் ஒன்று, அதன் புள்ளி ஒன்று. நமது இலக்கணம் எண்ணுவதைப் போலவே எண்ணும்படி ஒரு நிரலை எழுத முடியுமா என்று மகளிடம் கேளுங்கள். உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் கணக்கில் சேர்க்காமல் விடுவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கும்போது, கணினி எழுத்துகளை எப்படிச் சேமிக்கிறது என்னும் பெரிய பாடத்துக்குள் அவர் தாமாகவே நுழைந்துவிடுவார்.

செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிறதே, பிறகு எதற்குக் கற்க வேண்டும் என்ற கேள்வியையும் எழுப்பியிருக்கிறீர்கள். மேலே சொன்ன மின்கட்டண நிரலை அது நொடியில் எழுதித் தந்துவிடும். அந்த நிரல் 501 யூனிட்டில் சரியாக இருக்கிறதா என்று கேட்கத் தோன்றுவதற்கு, அப்படியொரு நிரலைத் தாமே எழுதித் திணறிய அனுபவம் வேண்டும். முதல் ஆறு மாதம் விடையை அதனிடம் வாங்கக் கூடாது. தாம் எழுதிய நிரலைக் காட்டி, இந்தப் பிழைச் செய்தியின் பொருள் என்ன என்று மட்டும் கேட்கலாம். இந்த ஒரு கட்டுப்பாட்டை வீட்டில் கண்டிப்பாக வையுங்கள்.

கருவி பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உறவினர் வீட்டில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி ஓடும் நிலையில் இருந்தால் போதும். இல்லாவிட்டால் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தைப் பயன்படுத்தத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். கைப்பேசியிலும் எழுதலாம், ஆனால் சிறிய திரையில் தட்டித் தட்டிச் சலிப்பு வந்துவிடும். காணொளிப் பாடம் வேண்டுமென்றால், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் தளத்தில் தமிழிலேயே பாடங்கள் உண்டு. ஆங்கிலம் கொஞ்சம் பழகிய பிறகு மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் உள்ள பைத்தான் பாடங்களைக் கேட்கலாம். படிக்கக் கட்டணம் இல்லை. நாள்தோறும் ஒரு மணி நேரம் போதும், ஆனால் பார்க்கும் நேரத்தைவிட எழுதும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும்.

தனியார் வகுப்பை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த விளம்பரம் வாக்களிக்கும் சான்றிதழுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் மதிப்பு இல்லை, அங்கே கற்றுத்தரும் தொடக்கப் பாடம் இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளை தானே தொடங்கி, சில மாதம் தொடர்ந்து, ஓரிடத்தில் சிக்கி, வழிகாட்ட ஆள் வேண்டும் என்று கேட்டால், அப்போது ஒரு நல்ல ஆசிரியருக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

ஆறாவது படிக்கும் மகனையும் இதில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு ஸ்கிராட்ச் பொருத்தம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேப் 2007-இல் பொதுவெளியில் வெளியிட்ட இலவச மென்பொருள் அது; கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் வண்ணக் கட்டைகளாக அடுக்கினால் திரையில் உள்ள உருவம் நகரும். அக்காவே கற்றுக்கொடுக்கட்டும்.

இரண்டு மூன்று மாதம் முயன்ற பிறகும் மகளுக்கு இதில் மனம் ஒட்டவில்லை என்றால், வற்புறுத்தாதீர்கள். கணிதம் உள்ள பிரிவில் இருக்கும்வரை வேறு பொறியியல் துறைகள், புள்ளியியல், கட்டடக்கலை எல்லாம் திறந்தே இருக்கும். ஒட்டிவிட்டால், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பட்டப்படிப்பும் ஒரு வழி. அதில் சேர ஜே.இ.இ. என்னும் பொறியியல் நுழைவுத் தேர்வு தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். அதைப் பற்றி அடுத்த ஆண்டு பேசலாம். இப்போது மதிப்பெண் பட்டியல் வந்ததும் கணித ஆசிரியரைப் பார்த்து, சேர்க்கை விண்ணப்பத்தில் எந்தப் பிரிவை முதலாவதாகவும் எதை இரண்டாவதாகவும் எழுதுவது என்று மகளையும் அருகில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.