மூங்கில் கிளையைக் கவனியுங்கள்

வணக்கம். ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் ஆட்கள் மூங்கில் மேல் பறந்ததும் மனம் ஒட்டாமல் நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதே காட்சிக்குத் திரும்பிப் போங்கள். சீன வீரக் கதைகளில் அப்படிப் பறப்பது 'சிங்கோங்', பயிற்சியால் உடலை இலேசாக்கும் வித்தை. நடிகர் சோ யுன்-ஃபாட் கிளையில் நிதானமாக நிற்கிறார். அவரோடு மோதும் நடிகை ஜாங் சியியின் கிளையோ வளைந்து துள்ளுகிறது. ஒருவரின் பக்குவமும் மற்றவரின் தவிப்பும் வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகின்றன! நடிகர்களைக் கம்பியில் கட்டி, உண்மையான மூங்கில் காட்டில்தான் தொங்கவிட்டார்கள். கம்பிகளைப் பிறகு கணினியில் அழித்தார்கள்.

அப்போதும் ஒட்டவில்லையென்றால், கிங் ஹூ இயக்கிய 'எ டச் ஆஃப் ஜென்' (1971) பாருங்கள். அங்கும் மூங்கில் காட்டுச் சண்டை உண்டு. டிராம்போலின் எனும் துள்ளுவலையும் மின்னல் வேகப் படத்தொகுப்புமே பறக்கவைக்கின்றன. எனக்கு அதுதான் உயிர். முதல் சண்டைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், பொறுத்திருங்கள்.