ஃபேன்டஸி ஃபுட்பாலில் இரண்டு ரன்னிங் பேக்குகளில் யாரை இறக்குவது?

நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களை வைத்து நாம் அணி அமைத்து, ஆட்டத்தில் அவர்கள் செய்வதற்கேற்பப் புள்ளி பெறுவதுதான் ஃபேன்டஸி ஃபுட்பால். ரன்னிங் பேக் என்பவர் பெரும்பாலும் பந்தை ஏந்தி ஓடும் வீரர். முதலில் உங்கள் லீக்கில் (நீங்கள் சேர்ந்து ஆடும் குழுவில்) கேட்ச் ஒன்றுக்கு, அதாவது வீசிய பந்தை ஒருமுறை பிடிப்பதற்கு, ஒரு புள்ளி உண்டா என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

2023 சீசனின் டெட்ராய்ட் லயன்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். டேவிட் மான்ட்கோமரி ஓடி எடுத்தது 1,015 யார்டு, 13 டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் லைனுக்கு, அதாவது எல்லைக் கோட்டுக்கு, அப்பால் கொண்டுசேர்ப்பது); கேட்ச் 16தான், அதில் 117 யார்டு. ஜமீர் கிப்ஸ் ஓடியது 945 யார்டு. கேட்ச் 52, அதில் 316 யார்டு. மொத்தம் 11 டச்டவுன். பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு என்று கணக்குப் போட்டால் (பந்தைத் தவறவிட்டதற்கான கழிவை விட்டுவிடுங்கள்) இருவருமே 191, 192 என்று ஒட்டி நிற்கிறார்கள். கேட்சுக்கும் புள்ளி சேர்த்தால் கிப்ஸ் 244, மான்ட்கோமரி 207!

கேட்ச் புள்ளி இல்லாத லீக் என்றால், கோல் லைனுக்குப் பக்கத்தில் பந்து யார் கைக்குப் போகிறது என்று கவனியுங்கள். 2023-இல் லயன்ஸில் அந்த வேலை பெரும்பாலும் மான்ட்கோமரிக்குத்தான் போனது.

எதிரணி பலமானதா என்பதும் முக்கியம். அணி பின்தங்கினால் ஓட்டம் குறைந்து பாஸ் கூடும். அப்போது கேட்ச் பிடிப்பவருக்கே வாய்ப்பு. டச்டவுன் ஒரு வாரம் வரும், மறு வாரம் வராது. அதனால் இருவரும் சமம் என்று தோன்றினால் நான் கேட்ச் பிடிப்பவரைத்தான் இறக்குவேன்.