விண்டோஸிலிருந்து மேக்: என்விடிஏ பழகிய கைகள் எங்கே இடறும்?

கேள்வி: எனக்குப் பார்வையில்லை. பல வருடங்களாக விண்டோஸில், திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் என்விடிஏ மென்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறேன். புது வேலையில் மேக்புக் தருகிறார்கள். என்விடிஏ அதில் ஓடுமா? எதிலிருந்து பழக ஆரம்பிப்பது?

பதில்: ஓடாது. என்விடிஏ விண்டோஸுக்காகவே எழுதப்பட்டது. மேக்கில் 2005 முதல், அதேபோல் திரையைப் பேசிக் காட்டும் வாய்ஸ்ஓவர் கணினியோடு சேர்ந்தே வருகிறது. கமாண்டைப் பிடித்துக்கொண்டு எஃப்5 தட்டினால் பேசத் தொடங்கிவிடும். டச் ஐடி உள்ள மேக்புக்கில் கமாண்டைப் பிடித்தபடி அந்தப் பொத்தானை வேகமாக மூன்று முறை அழுத்துங்கள். புதுக் கணினியின் முதல் அமைப்புத் திரையிலும் இது வேலை செய்யும், பக்கத்தில் பார்வையுள்ளவர் யாரும் இருக்க வேண்டியதில்லை.

வாய்ஸ்ஓவர் கட்டளைகளுக்கு கன்ட்ரோலும் ஆப்ஷனும் சேர்ந்து அடிப்படை விசை. கேப்ஸ் லாக்கையும் வைத்துக்கொள்ளலாம். கீழே 'வி.ஓ.' என்று குறிப்பது இந்த அடிப்படை விசையைத்தான். வி.ஓ. + கே அழுத்தினால் பயிற்சி நிலை: எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும், எஸ்கேப் அடித்தால் வெளியே. முதல் நாளை இதற்கே ஒதுக்குங்கள்.

பெரும்பாலானோர் திணறுவது குறுக்குவிசைகளால் அல்ல, திரை அடுக்கப்பட்டிருக்கும் விதத்தால். அலமாரிக்குள் இழுப்பறை, அதற்குள் பெட்டி என்பதுபோல வாய்ஸ்ஓவர் திரையைப் பார்க்கிறது. வி.ஓ. + வலது ஆரோவில் நகர்ந்து போகும்போது மின்னஞ்சல் பட்டியல் முழுவதும் ஒரே பொருளாக 'டேபிள்' என்று கேட்கும். உள்ளே போக வி.ஓ. + ஷிஃப்ட் + கீழ் ஆரோ. வெளியே வர வி.ஓ. + ஷிஃப்ட் + மேல் ஆரோ. "மேக் எதையும் படிக்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகாரில் பாதி, உள்ளே போகாததால் வருவது. மீதி, உள்ளே போய்விட்டு வெளியே வராததால். எங்கே நிற்கிறோம் என்று குழம்பினால் வி.ஓ. + எஃப்3.

எழுதும்போது இன்னொரு சிக்கல். 'கடல்' என்ற சொல்லின் தொடக்கத்தில் கர்சர் இருக்கிறது, வலது ஆரோ ஒருமுறை அழுத்துகிறீர்கள். கர்சருக்கு வலப்பக்கம் இருக்கும் 'ட'வை என்விடிஏ சொல்லும். வாய்ஸ்ஓவரோ, கர்சர் தாண்டி வந்த 'க'வைச் சொல்லும். இடப்பக்கம் நகரும்போது வித்தியாசம் தெரியாது, அதனாலேயே காரணம் பிடிபடாமல் தவறான எழுத்தை அழித்துக்கொண்டிருப்பார்கள். மேக்கின் டிலீட் விசை வேறு பேக்ஸ்பேஸ் வேலை செய்யும். விண்டோஸ் டிலீட்டுக்கு எஃப்என் + டிலீட். வி.ஓ. + எஃப்8 அழுத்தி வாய்ஸ்ஓவர் அமைப்புகளைத் திறந்து, வெர்பாசிட்டி, டெக்ஸ்ட் பகுதியில் கர்சருக்கு வலப்பக்க எழுத்தைப் படிக்கும்படி மாற்றிவிடுங்கள். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆரோ விசைகள் திடீரென்று எழுத்தெழுத்தாக நகராமல் திரையில் தாவினால் கணினி கெட்டுவிடவில்லை. இடது, வலது ஆரோவை ஒரே நேரத்தில் தவறுதலாக அழுத்தி, ஆரோ விசைகளாலேயே திரையில் நகரும் 'குயிக் நேவ்' முறை இயங்கிவிட்டது. அதே இரண்டையும் மறுபடி சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

கோப்புகளில்: ஃபைண்டரில் என்டர் அடித்தால் கோப்பு திறக்காது, பெயர் மாற்றும் பெட்டி வரும். திறக்க கமாண்ட் + ஓ. வெட்டி ஒட்ட, முதலில் கமாண்ட் + சி, போய்ச் சேர்ந்த இடத்தில் கமாண்ட் + ஆப்ஷன் + வி. விண்டோவை மூடினாலும் செயலி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். கமாண்ட் + கியூ தான் முழுதாக மூடும். பழைய கோப்புகளை வெளி டிரைவில் கொண்டுவருவதானால், அவற்றை ஏற்றும் முன்பே டிரைவை எக்ஸ்ஃபேட் வடிவில் ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸின் வழக்கமான வடிவமான என்டிஎஃப்எஸ் டிரைவை மேக் படிக்கும், ஆனால் அதில் எழுதாது.

பெரிய எக்ஸெல் தாள்கள்தான் உங்கள் அன்றாட வேலை என்றால் விண்டோஸை முழுதாக விட்டுவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மேக்கிலேயே இன்னொரு கணினிபோல (மெய்நிகர் கணினி) விண்டோஸை ஓட்டும் விஎம்வேர் ஃப்யூஷன் அல்லது பேரலல்ஸில் விண்டோஸ் 11 ஏற்றி, அதற்குள் என்விடிஏ ஓட்டலாம். ஆப்பிள் சிலிக்கான் (ஆப்பிளின் சொந்த சிப்) உள்ள மேக் என்றால் ஆர்ம் பதிப்பு விண்டோஸ் வேண்டும். விண்டோஸுக்குள் நுழையுமுன் வாய்ஸ்ஓவரை நிறுத்துங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒரே விசைக்குச் சண்டை போடும். என்விடிஏ கட்டளைகளுக்கு அடிப்படை விசை இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக். மேக் மடிக்கணினியில் இன்சர்ட் விசை கிடையாது, கேப்ஸ் லாக்கும் மெய்நிகர் கணினிக்குள் சரியாகப் போய்ச்சேராமல் அடம்பிடிக்கும். வலப்பக்க கமாண்ட் பொதுவாக அங்கே வலது விண்டோஸ் விசையாகத் தெரியும். ஷார்ப்கீஸ் என்ற இலவச மென்பொருளால் அதை இன்சர்ட்டாக மாற்றி, ஒருமுறை விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.