லினக்ஸ் பேக்கப்: எதை விடலாம், எதில் கை வைக்கக் கூடாது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் உபுண்டு கம்ப்யூட்டர் ஓடுகிறது. விவசாயிகளின் பச்சைத் தேயிலை எடையும் பட்டுவாடாக் கணக்கும் அதில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கின்றன. மொத்தமே 60 ஜிபிதான். ஆனால் முழு சிஸ்டத்தையும் ஆர்சிங்க் (ஃபைல்களை நகலெடுக்கும் கமாண்ட்) மூலம் 1 டிபி யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்தால் விடிவதற்குள் டிஸ்க் நிரம்பிவிடுகிறது. எந்தெந்த டைரக்டரிகளை விட்டுவிடலாம்?

பதில்: முதலில் அந்த யுஎஸ்பி டிஸ்க்கைத் திறந்து, பேக்கப்புக்குள் இருக்கும் மீடியா டைரக்டரியைப் பாருங்கள். அதற்குள் அதே டிஸ்க்கின் பெயர், அதற்குள் மறுபடி மீடியா என்று போய்க்கொண்டே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. உபுண்டு யுஎஸ்பி டிஸ்க்கை /மீடியாவின் கீழ்தான் மவுண்ட் செய்யும், அதாவது ஒரு டைரக்டரியாக இணைக்கும். ரூட்டிலிருந்து (எல்லா டைரக்டரிகளுக்கும் மேலே உள்ள / என்ற இடம்) எல்லாவற்றையும் நகலெடுக்கச் சொன்னதால், ஆர்சிங்க் எழுதிய நகலையே திரும்பவும் நகலெடுத்திருக்கிறது.

அடுத்த சந்தேகம் /ப்ராக். அங்கே இருப்பவை டிஸ்க்கில் உள்ள ஃபைல்களே அல்ல. கேட்கும் நேரத்தில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தருகிற தகவல்கள். அதிலுள்ள கேகோர் என்ற ஃபைலை எல்எஸ் போட்டுப் பார்த்தால், 64 பிட் கம்ப்யூட்டரில் சுமார் 128 டெராபைட் என்று காட்டும். எந்த டிஸ்க்கும் அதைத் தாங்காது. /சிஸ், /டெவ், /ரன் மூன்றும் இதே வகைதான். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது தானாக உருவாகிறவை என்பதால் பேக்கப்பில் வைத்து ஒரு பயனும் இல்லை.

இவற்றை ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுவதைவிட, ஆர்சிங்க்கின் ஒன்-ஃபைல்-சிஸ்டம் ஆப்ஷனைச் சேர்ப்பது நல்லது. வேறு ஃபைல் சிஸ்டம் மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தில் காலி டைரக்டரியை மட்டும் உருவாக்கிவிட்டு, உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். ப்ராக், சிஸ், டெவ், ரன், ஸ்னாப், யுஎஸ்பி டிஸ்க் எல்லாமே இதில் அடங்கிவிடும். ஒரு ஆபத்து உண்டு: /ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதையும் சத்தமில்லாமல் விட்டுவிடும், /பூட்/இஎஃப்ஐயும் அப்படித்தான். டிஎஃப் கமாண்ட் போட்டு, தனியாக மவுண்ட் ஆகியிருப்பவற்றைப் பார்த்து, வேண்டியவற்றுக்குத் தனி ஆர்சிங்க் கொடுங்கள்.

கையால் விலக்க வேண்டியவை கொஞ்சம்தான்: /டிஎம்பி, /வார்/டிஎம்பி, /வார்/கேஷ்/ஏபிடி/ஆர்க்கைவ்ஸ், ஸ்வாப் ஃபைல், லாஸ்ட்+ஃபவுண்ட், பயனர்களின் ஹோமில் உள்ள புள்ளி-கேஷ். எழுதும் விதத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். முன்னால் ஸ்லாஷ் இல்லாமல் டிஎம்பி என்று மட்டும் கொடுத்தால், சிஸ்டத்தில் எங்கே அந்தப் பெயர் இருந்தாலும் விலகிவிடும். உங்கள் கணக்கு மென்பொருள் தன் டைரக்டரிக்குள் வைத்திருப்பதும் சேர்ந்து போகும். பின்னால் ஸ்லாஷும் நட்சத்திரக் குறியும் போடுங்கள். அப்போது உள்ளடக்கம் மட்டும் விலகும், காலி டைரக்டரி அதன் அனுமதிகளோடு நகலாகும். ரீஸ்டோர் செய்யும்போது /டிஎம்பியே இல்லாமல் போனாலோ, அனுமதி 1777 ஆக (யாரும் எழுதலாம், அடுத்தவர் ஃபைலை அழிக்க முடியாது) இல்லாவிட்டாலோ பல சேவைகள் தடுமாறும்.

/வார் முழுவதையும் தூக்கிவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். /வார்/லிப்/டிபிகேஜி போனால், எந்தெந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது என்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது. /வார்/ஸ்பூல்/க்ரானில் உங்கள் தானியங்கி வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்லில்தான் விவசாயிகளின் எடைக் கணக்கு இருக்கிறது. ஆனால் சர்வர் ஓடும்போது அந்த ஃபைல்களை அப்படியே நகலெடுத்தால், ஒரு ஃபைல் பத்து மணி நிலையிலும் இன்னொன்று பத்தே கால் நிலையிலும் இருக்கும். திரும்பத் திறக்கும்போது மைஎஸ்க்யூஎல் ஏற்க மறுக்கலாம். அதனால் ஆர்சிங்க்குக்கு முன் மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸை ஒரு ஃபைலாக எழுதித் தரும் கமாண்ட்) ஓடட்டும். டேபிள்கள் இன்னோடிபி வகை (மைஎஸ்க்யூஎல் வழக்கமாகப் பயன்படுத்துவது) என்றால் சிங்கிள்-டிரான்ஸாக்ஷன் ஆப்ஷன் போதும், எடை போடும் வேலையை நிறுத்த வேண்டாம். ரொட்டீன்ஸ் (டேட்டாபேஸுக்குள் சேமித்த நிரல்கள்), ஈவன்ட்ஸ் (அதில் நேரம் குறித்து ஓடும் வேலைகள்) ஆப்ஷன்கள் இரண்டையும் சேருங்கள். சொல்லாவிட்டால் அவை டம்ப்பில் வராது. ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது பாதி டம்ப்.

/யுஎஸ்ஆர் திரும்ப நிறுவிக்கொள்ளக்கூடியது, விடலாம் என்பது பொதுவான ஆலோசனை. மலையில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டோம். ஐப்பசி மழையில் கரண்டும் லைனும் வந்து வந்து போகும்போது, எல்லாவற்றையும் இறக்கி நிறுவ உட்கார்ந்தால் பட்டுவாடா தள்ளிப்போகும். 1 டிபியில் /யுஎஸ்ஆர் ஒரு சுமையே இல்லை. /ஈடிசி, /ஆப்ட், /ரூட், /எஸ்ஆர்வி நான்கிலும் கை வைக்கவே கூடாது.

டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். கடையில் வாங்கியபடி எக்ஸ்ஃபேட்டில் விட்டால் யார் ஃபைல், என்ன அனுமதி என்ற விவரம் தங்காது. ஆர்சிங்க்கில் சின்ன ஏ, பெரிய ஏ, பெரிய எக்ஸ், பெரிய ஹெச் (-a -A -X -H) ஆப்ஷன்கள் நான்கும் இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம்: ஆர்சிங்க் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றுவதால், பழைய நகல் அநேகமாகச் சேதமில்லாமல் இருக்கும், மறுபடி ஓடவிட்டால் மிச்சத்தை முடித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, கரண்ட் வந்தபின் டிஸ்க் மவுண்ட் ஆகாமலே பேக்கப் ஓடுவது. அப்போது எல்லாம் உள் டிஸ்க்கிலேயே எழுதப்பட்டு அது நிரம்பும், மைஎஸ்க்யூஎல்லும் நின்றுபோகும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் கமாண்டால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

மாதம் ஒருமுறை டம்ப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, யாராவது ஒரு விவசாயியின் போன மாத எடையைப் பட்டுவாடாச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.